டீச்சர், ரெண்டு பூமி தெரியுது! தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்பில் வி.ஆர். கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். எங்கள் பள்ளியில் ஆறு அட்டை வி.ஆர். பெட்டிகள் இருக்கின்றன. வி.ஆர். என்றால் மெய்நிகர் காட்சி (virtual reality): பெட்டியின் லென்ஸ் வழியே போன் திரையைப் பார்த்தால் அந்த இடத்துக்குள்ளேயே நிற்பது போலத் தெரியும். அவற்றுக்குள் செருக, ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் தந்த பழைய போன்கள். போன் இல்லாமல் தனியாக இயங்கும், தலையில் மாட்டும் ஹெட்செட் ஒன்று நண்பர் ஒருவரிடமிருந்து அவ்வப்போது இரவல் வரும். இவ்வளவுதான் எங்கள் கருவிகள். 23 பிள்ளைகளுக்கு இது போதும். எப்படிப் போதும் என்பதையும் கீழே சொல்கிறேன்.

என்ன கோளாறு கண்ணில் படுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் 'பார்த்தார்கள், எதுவும் பதியவில்லை' என்ற பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவை கருவியின் கோளாறு, அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். அது பாடத்தின் கோளாறு. நான் அதைக் கண்டுபிடிக்கவே ஒரு பருவம் ஆனது.

எந்தக் கோளாறானாலும் முதல் வேலை

மாற்றிப் போட்டுப் பாருங்கள். சரியாக ஓடும் பெட்டியில் இந்தப் போனைச் செருகுங்கள். கோளாறு போனோடு சேர்ந்து வந்தால் தப்பு போனில். பழைய பெட்டியிலேயே தங்கிவிட்டால் தப்பு பெட்டியில். எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி தெரிந்தால் வீடியோவில். ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும், எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும் அப்படியே தெரிந்தால், கவனியுங்கள், அது அந்தப் பிள்ளையின் கண்ணாக இருக்கலாம். இந்த நாலு கேள்வியிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தலையைத் திருப்பினாலும் படம் திரும்பவில்லை

போனில் கைரோஸ்கோப் இல்லை. போன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அறியும் உணரி அது. குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் அது இருக்காது. முடுக்கமானி மட்டும் இருக்கும். முடுக்கமானி புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துத்தான் சாய்வை அறிகிறது. அதனால் தலையைத் தூக்கினாலும் தாழ்த்தினாலும் அதற்குத் தெரியும், இடம் வலமாகத் திரும்பினால் தெரியாது. 'மேலே கீழே போகுது டீச்சர், சைடுல போகல' என்று பிள்ளை சொன்னால் வேறு சோதனையே வேண்டாம், இதுதான்.

இதைச் சரிசெய்ய முடியாது. யாராவது பழைய போன் தர வந்தால், வாங்கும் முன்பே யூடியூபில் ஒரு 360 டிகிரி வீடியோவை (சுற்றிலும் எல்லாப் பக்கமும் பார்க்கும்படி எடுத்தது) திறந்து, போனைக் கையில் பிடித்தபடி ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். படமும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றாத போனையும் தூக்கிப் போட வேண்டாம். விரலால் நகர்த்திப் பார்க்க அது போதும், பெட்டி போடாத பிள்ளைகள் பார்க்கலாம்.

படம் இரண்டாகத் தெரிகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். காரணங்களும் பல. எளிதானதிலிருந்து தொடங்குங்கள்.

போன் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா? திரையில் இரண்டு படங்களுக்கும் நடுவே ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு பெட்டியின் நடுத் தடுப்புக்கு நேராக நிற்க வேண்டும். சின்னப் போன் பெட்டிக்குள் நழுவி ஓடும். இரண்டு பக்கமும் மடித்த அட்டைத் துண்டைச் செருகி, மேலே ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். எங்களுக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்த ரப்பர் பேண்டோடு முடிந்துபோயின.

படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இல்லாமல் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றனவா? வீடியோ முப்பரிமாண வகை. இடக்கண் படம் மேலும் வலக்கண் படம் கீழுமாக வைத்திருப்பார்கள். பிளேயரின் அமைப்பில் மேல்-கீழ் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

பெட்டியில் கியூஆர் கோடு அச்சடித்திருந்தால் அதை ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். லென்ஸ் எவ்வளவு வளைவு, எவ்வளவு இடைவெளி என்ற விவரம் அதில் இருக்கிறது. போனைப் புதிதாக மாற்றும்போதெல்லாம் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும்.

இவையெல்லாம் சரி, இன்னும் இரண்டாகவே தெரிகிறது என்றால் கண்மணிகளின் இடைவெளியைப் பாருங்கள். வளர்ந்தவர்களுக்கு இது சராசரியாக 63 மில்லிமீட்டர். பிள்ளைகளுக்குக் குறைவு. அட்டைப் பெட்டிகளில் லென்ஸ் இடைவெளியை மாற்ற முடியாது, அது பெரியவர் முகத்துக்கு அமைந்தது. மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3எஸ் ஹெட்செட்களில் 58, 63, 68 என்று மூன்று நிலைகள் உண்டு. பிள்ளைகளுக்கு எப்போதும் 58இல் வையுங்கள். அதுவும் சில பிள்ளைகளுக்கு அகலம்தான். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குவெஸ்ட்டுக்கு மெட்டா வைத்திருந்த குறைந்தபட்ச வயது 13. 2023இல் அதைப் பெற்றோர் பொறுப்பில் இயங்கும் கணக்குடன் 10 ஆகக் குறைத்தார்கள். அதற்கும் கீழே அனுமதி இல்லை. நான்காம் வகுப்பில் பலருக்கு 9 வயதுதான். எனவே ஹெட்செட்டைப் பத்து நிரம்பிய பிள்ளைகளுக்கு, பெற்றோர் ஒப்புதலோடு மட்டும் தருகிறேன். மற்றவர்களுக்கு அதே காட்சியைத் திரையில் காட்டிவிடுவேன்.

இந்தக் கோளாறே ஒரு நல்ல பாடம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கட்டை விரலை மூக்குக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடித் திறந்து, மறு கண்ணை மூடச் சொல்லுங்கள். விரல் தாவும். இரண்டு கண்ணும் இரண்டு வேறு படங்களைப் பார்க்கின்றன, மூளைதான் சேர்த்து ஒன்றாக்குகிறது. 1838இல் சார்ல்ஸ் வீட்ஸ்டோன் இதை விளக்கி, இரண்டு ஓவியங்களையும் கண்ணாடிகளையும் வைத்து ஒரு கருவி செய்து காட்டினார். நம் அட்டைப் பெட்டி அதன் பேரப்பிள்ளை. பெட்டியைப் போடும் முன் இந்தக் கட்டை விரல் விளையாட்டைச் செய்தால், இரண்டாகத் தெரியும்போது பிள்ளைகளே காரணத்தை யோசிக்கிறார்கள்.

கடைசியாக, எந்தப் பெட்டியிலும் ஒரு பிள்ளைக்கு மட்டும் இரண்டாகவே தெரிந்தால், அல்லது 'ஆழம்' என்பதே தெரியவில்லை என்றால், அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். பெட்டியை இறக்கி, ஒரு கண்ணைக் கையால் மறைத்துக் கரும்பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். ஒரு கண்ணில் தெளிவு குறைந்திருந்தால் பெற்றோரிடம் சொல்லிக் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். வி.ஆர். பெட்டி நோயைக் கண்டறியும் கருவி அல்ல. ஆனால் மாறுகண்ணோ சோம்பேறிக் கண்ணோ (ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராதது) இருந்தால் சின்ன வயதில் பார்ப்பதுதான் நல்லது, ஒரு கண் நன்றாகத் தெரிகிற பிள்ளை தானாக வந்து குறை சொல்லாது. எங்கள் வகுப்பில் ஒரு பெண் குழந்தை 'எனக்கு எப்பவுமே இப்படித்தான் டீச்சர்' என்றாள். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள்.

ஒரே படம்தான், ஆனால் மங்கல்

லென்ஸில் கைரேகை. உலர்ந்த மென்துணியால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். சானிடைசர், ஸ்பிரிட் எதுவும் லென்ஸில் படக்கூடாது, மேற்பூச்சு போய்விடும்.

துடைத்த பிறகும் மங்கல் என்றால் வீடியோவின் தரத்தைப் பாருங்கள். 4கே வீடியோவின் அகலம் 3840 புள்ளிகள். அது சுற்றிலும் 360 டிகிரிக்கும் பரவியிருக்கிறது. கண் ஒரு நேரத்தில் ஏறக்குறைய 90 டிகிரியைப் பார்க்கிறது என்று வைத்தால், பிள்ளையின் கண்ணுக்கு வருவது அதில் கால் பங்கு, 960 புள்ளிகள்தான். டிவியில் அழகாக ஓடும் 720 தர வீடியோ பெட்டிக்குள் கலங்கிய குட்டை போல இருப்பதற்கு இதுதான் காரணம். 4கேக்குக் குறைந்த எதையும் நான் வகுப்பில் போடுவதில்லை.

உலக வரைபடம் போலத் தட்டையாக, நெளிந்து தெரிகிறது

கோளமாக இருக்க வேண்டிய படத்தைப் பிளேயர் சாதாரண வீடியோ என்று நினைத்து விரித்துப் போட்டிருக்கிறது. மேலும் கீழும் இழுத்துவிட்டது போல இருக்கும். பிளேயரில் 360 முறையைத் தேர்ந்தெடுங்கள். வீடியோவை வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம், அங்கேதான் கெட்டது. தரம் சுருங்கியிருக்கும், 'இது 360' என்ற குறிப்பும் போயிருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது மெமரி கார்டில் நேரடியாக ஏற்றுங்கள்.

அசையாமல் இருந்தாலும் படம் மெல்ல நகர்கிறது

பிள்ளை நேராகப் பார்க்கிறது, நிலா மட்டும் மெல்ல இடப்பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. கைரோஸ்கோப்பின் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போவதால் வரும் நழுவல் இது. போனைச் சமமான மேசை மேல் அசையாமல் சிறிது நேரம் வைத்துவிட்டு ஆப்பை மறுபடி திறந்தால் பெரும்பாலும் சரியாகும்.

சரியாகவில்லையா? காந்தத்தைத் தேடுங்கள். காந்த மூடி போட்ட போன் உறை, பக்கத்தில் இருக்கும் இரும்பு பீரோ, ஸ்பீக்கர் எல்லாமே போனின் திசைகாட்டியைக் குழப்பும். கூகுள் 2014இல் வெளியிட்ட முதல் கார்ட்போர்டு பெட்டியிலேயே பொத்தானுக்குப் பதில் ஒரு காந்தம்தான் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய வகைப் பெட்டி கைக்கு வந்தால் அந்தக் காந்தத்தைக் கழற்றி, காந்தவியல் பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நின்று நின்று ஓடுகிறது, போன் கொதிக்கிறது

இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். 4கே வீடியோ ஒன்றுக்கு நொடிக்கு ஏறக்குறைய 20 மெகாபிட் வேண்டும். ஆறு போனுக்கு 120. ஒரு ஹாட்ஸ்பாட்டில் அதை எதிர்பார்க்க முடியாது. முந்தின நாளே இறக்கி ஏற்றிவிடுங்கள். நாசாவின் படங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் வகுப்பில் தடையின்றிப் பயன்படுத்தக்கூடியவை.

சூட்டுக்கு: உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், சார்ஜ் போட்டபடி ஓட்டாதீர்கள், பிற ஆப்களை மூடுங்கள். ஏப்ரல் மாதம் ஓட்டுக் கூரை வகுப்பறையில் மதியத்துக்கு மேல் இந்த வேலையே வேண்டாம். பின்பக்கம் உப்பியிருக்கும் போனை ஒரு நாளும் பிள்ளை முகத்தருகே கொண்டுபோகாதீர்கள்.

முன்பு பயன்படுத்திய ஆப் திறக்கவில்லை

அது பள்ளிகளுக்கான வி.ஆர். சுற்றுலா ஆப்பான கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் என்றால், 2021 ஜூன் 30ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். உங்கள் போனில் தப்பில்லை. பழைய பயிற்சிக் கையேடுகள் இன்னும் அதைத்தான் சொல்கின்றன, பல ஆசிரியர்கள் ஒரு நாள் முழுக்கத் தேடி அலுத்துப்போகிறார்கள். பாடத்தை ஒரு ஆப்பை நம்பி அமைக்காமல், கையில் இருக்கும் வீடியோக் கோப்பை நம்பி அமையுங்கள். கோப்பு நம்மிடமே இருக்கும்.

ஹெட்செட் 'இடம் தெரியவில்லை' என்கிறது

தனியாக இயங்கும் ஹெட்செட் தன் கேமராக்களால் அறையைப் பார்த்துத்தான் தன் இடத்தை அறிகிறது. அறை இருட்டாக இருந்தாலோ, வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி நின்றாலோ அதற்குப் பிடிமானம் கிடைக்காது. சுவரில் நாலைந்து சார்ட்டுகளை ஒட்டுங்கள், அதுவே போதும். டியூப் லைட்டின் துடிப்பும் குழப்பும். குவெஸ்ட்டின் அமைப்பில் டிராக்கிங் அதிர்வெண் என்று ஒன்று இருக்கும், அதை நம் மின்சாரத்துக்கு ஏற்ப 50 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

வெளிச்சம் வேண்டும் என்று வெயிலில் கொண்டுபோய்விடாதீர்கள். பூதக்கண்ணாடி காகிதத்தைப் பொசுக்குவது போல லென்ஸ் வழியே புகும் வெயில் உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். சில நொடிகள் போதும். ஜன்னலோர மேசையில் லென்ஸ் மேலே பார்க்க வைப்பதுகூட ஆபத்துதான். எப்போதும் குப்புற வையுங்கள், அல்லது பைக்குள்.

'தலை சுத்துது டீச்சர்'

உடனே கழற்றுங்கள். 'இன்னும் கொஞ்சம் பாரு, பழகிடும்' என்று சொல்லவே கூடாது. தண்ணீர் கொடுத்து, ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, தொலைவில் இருக்கும் மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு ஓட வேண்டாம், படியிறங்க வேண்டாம்.

ஏன் வருகிறது? பேருந்தில் புத்தகம் படித்தால் குமட்டுகிறதே, அதன் மறுபக்கம். பேருந்தில் உள்காது 'நகர்கிறோம்' என்கிறது, புத்தகத்தைப் பார்க்கும் கண் 'நகரவில்லை' என்கிறது. பெட்டிக்குள் கண் 'பறக்கிறோம்' என்கிறது, உள்காது 'பெஞ்சில்தானே இருக்கிறோம்' என்கிறது. இந்த முரண்பாடுதான் வயிற்றைப் புரட்டுகிறது. பயணக் குமட்டல் இந்த வயதுப் பிள்ளைகளுக்கே அதிகம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்பது சுற்றுலாவுக்கு அழைத்துப்போன எந்த ஆசிரியருக்கும் நினைவிருக்கும். அந்தப் பிள்ளைகளைப் பெட்டிக்குள்ளும் தனியாகக் கவனியுங்கள்.

பெரும்பாலும் குற்றவாளி வீடியோதான். கேமரா ஓரிடத்தில் நின்று, பிள்ளை சுற்றிப் பார்க்கும் வீடியோக்கள் தொல்லை தருவதில்லை. ரத்தக் குழாய்க்குள் கேமரா பாய்ந்து போவது, ராக்கெட்டில் ஏறிச் சுழல்வது போன்றவை பெரியவர்களையே கவிழ்த்துவிடும். பார்க்கப் பரவசமாகத்தான் இருக்கும். ஆனாலும் வேண்டாம். வீடியோ நல்லது, அப்படியும் சுற்றுகிறது என்றால் போனைப் பாருங்கள். தலை திரும்பியதற்கும் படம் திரும்புவதற்கும் இடையே 20 மில்லி நொடிக்கு மேல் தாமதம் கூடாது என்பார்கள். பேட்டரிச் சேமிப்பு முறையில் இருக்கும் போன் அதைவிட மிகவும் பின்தங்கும். அதை அணைத்துவையுங்கள்.

எங்கள் வகுப்பில் நான்கு விதிகள்: உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், சத்துணவு சாப்பிட்ட உடனே கிடையாது, பெட்டியைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், பட்டையால் தலையில் கட்டக்கூடாது. கடைசி விதி முக்கியம். கையில் இருந்தால் பிடிக்காத நொடியிலேயே பிள்ளை தானாக எடுத்துவிடும். முதல் வகுப்புக்கு முன்பே பெற்றோரிடம் வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் மருத்துவர் சொல்லாமல் பெட்டி வேண்டாம்.

குரல் ஆங்கிலத்தில், ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள்

குரலை அணைத்துவிட்டு நீங்களே பேசுங்கள். கருவியின் குரலைவிட உங்கள் குரல் அவர்களுக்குப் பழக்கமானது, கேள்வியும் கேட்கலாம். ஒரே சிக்கல், 'இடப்பக்கம் பாருங்க' என்றால் ஆறு பேரும் ஆறு திசையில் திரும்புவார்கள். ஒவ்வொரு போனும் தொடங்கிய நொடியில் எந்தப் பக்கம் இருந்ததோ அதையே 'நேர்' என்று எடுத்துக்கொள்கிறது. எல்லோரையும் கரும்பலகையைப் பார்த்து உட்காரவைத்து, 'மூணு, ரெண்டு, ஒண்ணு, தொடு' என்று சொல்லி ஒன்றாகத் தொடங்குங்கள். அப்புறம் 'கதவுப் பக்கம் பாருங்க', 'ஜன்னல் பக்கம் பாருங்க' என்று வகுப்பறையின் திசையிலேயே சொல்லலாம்.

பார்த்தார்கள், எதுவும் பதியவில்லை

முதல் முறை இதயத்தைக் காட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கத்தல், கைதட்டல், 'இன்னொரு தடவ டீச்சர்'. மனம் நிறைந்து வீட்டுக்குப் போனேன். மறுநாள் 'இதயத்துக்கு எத்தனை அறை?' என்று கேட்டேன். அமைதி. வரையச் சொன்னேன். பாதிப் பேர் காதலர் அட்டையில் வரும் இதயத்தை வரைந்திருந்தார்கள். பார்த்த அத்தனையும் பரவசமாக மட்டும் தங்கியிருந்தது.

என் வகுப்பில் மட்டும் நடப்பதல்ல இது. 2018இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் ஜோசலின் பாரோங், ரிச்சர்ட் மேயர் இருவரும் ரத்த ஓட்டமும் செல்லும் பற்றிய ஒரே பாடத்தை ஒரு குழுவுக்கு வி.ஆரிலும் இன்னொரு குழுவுக்குச் சாதாரண ஸ்லைடுகளிலும் காட்டினார்கள். வி.ஆர். பார்த்தவர்களுக்கு ஆர்வம் அதிகம், ஆனால் தேர்வில் முந்தியவர்கள் ஸ்லைடு பார்த்தவர்கள். அடுத்த சோதனையில் வி.ஆர். பாடத்தைத் துண்டுதுண்டாக நிறுத்தி, ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் பார்த்ததைச் சுருக்கி எழுதச் சொன்னார்கள். எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள், நம்முடையவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் நிறுத்திச் சொல்லவைப்பது எங்கள் வகுப்பிலும் அப்படியே பலித்தது.

இப்போது இப்படிச் செய்கிறோம். பெட்டியை எடுக்கும் முன் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி. 'ரத்தம் இதயத்துக்குள் எந்தப் பக்கம் நுழைகிறது, எந்தப் பக்கம் வெளியே போகிறது?' எல்லோரும் முதலில் ஊகித்து நோட்டில் அம்புக்குறி போட வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஊகித்த பிள்ளைதான் உள்ளே போய்த் தேடும்.

பிறகு குழு பிரிப்பது. 23 பேர், ஆறு பெட்டி. ஐந்து குழுவில் நால்வர், ஒன்றில் மூவர். ஒருவர் பார்ப்பவர். அவர் பார்த்துக்கொண்டே வாயால் சொல்ல வேண்டும். இன்னொருவர் பெட்டி இல்லாமல் கேட்டு வரைய வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். 'எந்தப் பக்கம் போகுது? கதவு மாதிரி திறக்குதா?' வரைபவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் பார்ப்பவர் உண்மையிலேயே கவனித்துப் பார்த்தாக வேண்டும். மூன்று நிமிடம் முடிந்ததும் பெட்டியைக் கீழே வைத்து, வரைந்த படத்தைப் பார்த்துச் சண்டை போடுவார்கள். 'நீ சொன்னது இப்படி இல்ல' என்று. அந்தச் சண்டையில்தான் பாடம் நடக்கிறது. அடுத்தவர் உள்ளே போய்ச் சரிபார்த்து வருவார். நாற்பது நிமிட வகுப்பில் ஒரு பிள்ளை பெட்டிக்குள் இருப்பது ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆறு பெட்டி போதும் என்று சொன்னது இதனால்தான். ஆளுக்கொன்று இருந்தால்கூட நான் இப்படித்தான் நடத்துவேன்.

இன்னொன்று. கையால் தொட முடிந்ததைப் பெட்டிக்குள் காட்டாதீர்கள். பச்சைப்பயறு முளைவிடுவதை ஈரத்துணியில் இரண்டு நாளில் பார்க்கலாம். நாடித்துடிப்பை மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணலாம், மைதானத்தில் ஒரு சுற்று ஓடிவந்து மறுபடி எண்ணலாம். பள்ளிக்குப் பின்னால் குட்டை இருக்கும்போது தலைப்பிரட்டையை வி.ஆரில் காட்டுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். இதயத்தின் உள்பக்கம், எரிமலை வாய், ஆழ்கடல், செவ்வாயின் தரை: நாம் அழைத்துப் போகவே முடியாத இடங்களுக்கு மட்டும் பெட்டி.

தவறாகப் பதிந்துவிட்டது

பதியாததைவிட இது கடினம். சூரியக் குடும்பத்தைக் காட்டிய பிறகு ஒரு பையன் 'செவ்வாயும் வியாழனும் பக்கத்துப் பக்கத்து வீடு' என்றான். பெட்டிக்குள் அப்படித்தான் தெரிகிறது. எல்லாக் கோள்களையும் ஒரே பார்வைக்குள் அடக்க, தூரத்தை நெருக்கி உருவத்தைப் பெருக்கிவிடுகிறார்கள். புத்தகப் படமும் அதையே செய்கிறது, ஆனால் புத்தகத்தைப் பிள்ளை படமாகத்தான் பார்க்கிறது. பெட்டிக்குள் பார்த்ததை 'நான் போய்ப் பார்த்தேன்' என்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரமி பெய்லன்சனும் அவருடன் ஆய்வு செய்தவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், திமிங்கிலங்களோடு தான் நீந்துவது போன்ற காட்சியை வி.ஆரில் பார்த்த தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் பிறகு அது உண்மையாகவே நடந்ததாக நம்பினார்கள். அதனால் பெட்டியைக் கழற்றியதும் 'இதுல எது நிஜம், எது நமக்காக மாத்திக் காட்டினது?' என்று கேட்பதை நான் ஒரு முறைகூடத் தவறவிடுவதில்லை.

சூரியக் குடும்பத்துக்கு மருந்து மைதானத்தில் இருக்கிறது. 1 சென்டிமீட்டர் அளவுள்ள பட்டாணி பூமி என்று வையுங்கள். நிலா ஒரு பெரிய கடுகு. இரண்டுக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் ஸ்கேலை வையுங்கள், அதுதான் தூரம். சூரியன் 1 மீட்டர் 9 சென்டிமீட்டர் அகல வட்டம். எங்கள் பிள்ளைகள் பள்ளி வாசலில் கோலமாவால் போட்டார்கள். பட்டாணியைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய இடம் அங்கிருந்து ஏறக்குறைய 117 மீட்டர். டீக்கடை வரை நடந்தோம். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் கோல வட்டம் சின்னதாகத் தெரியும். வியாழன் 11 சென்டிமீட்டர் பந்து, அது 600 மீட்டரையும் தாண்டி இருக்க வேண்டும். ஊர் எல்லை வரை போகலாமா என்று கேட்டார்கள். போகவில்லை, ஆனால் 'பக்கத்து வீடு' என்று அதன் பிறகு யாரும் சொல்லவில்லை. மறுநாள் அதே வீடியோவை மறுபடி காட்டினேன். 'இது பொய்த் தூரம்' என்று பெட்டிக்குள்ளிருந்தே சொன்னார்கள்.

உடல் பாடத்திலும் இதைக் கவனியுங்கள். சில வீடியோக்களில் சிரை ரத்தம் நீலமாக ஓடும். அது பிரித்துக்காட்டப் போட்ட நிறம். நம் உடலில் ரத்தம் எங்கேயும் நீலமில்லை.

கண் சிவப்பு, தலை அரிப்பு

மெட்ராஸ் ஐ ஊரில் பரவும் நாட்களில் பெட்டிகளைப் பூட்டிவைத்துவிடுங்கள். பேச்சே இல்லை. மற்ற நாட்களில் முகம் படும் இடத்தை ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் துடைக்க வேண்டும். அட்டையில் ஈரம் ஏறும் என்பதால் விளிம்பில் பிளாஸ்டிக் டேப் ஒட்டிவிட்டோம், துடைக்க எளிது. ஹெட்செட்டுக்குத் துணி முகமூடிகள் தைத்து வைத்திருக்கிறோம், ஆளுக்கொன்று. பேன் புகாரும் தலைப்பட்டையால் வருவதுதான், கையில் பிடித்துப் பார்த்தால் அந்தக் கவலையும் குறையும்.

ஒரு பிள்ளை போடவே மாட்டேன் என்கிறது

வற்புறுத்தாதீர்கள். ஆழ்கடல் காட்சியில் சுறா திரும்பியதும் அலறி அழுத ஒருவன் எங்கள் வகுப்பில் இருக்கிறான். அன்று நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இப்போது எந்தக் காட்சியானாலும் முதலில் போன் திரையில் கையில் வைத்துக் காட்டிவிடுகிறேன், எப்போது என்ன வரும் என்று சொல்லிவிடுகிறேன், 'கண்ணை மூடிக்கோ, இல்லன்னா கீழ வச்சிடு' என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் இன்னும் பெட்டியைப் போடுவதில்லை. வரைபவனாகவே இருக்கிறான். கேட்டே வரைகிற அவனுடைய இதயப் படத்தில் நான்கு அறைகளும் வால்வுகளும் சரியான இடத்தில் இருந்தன, அதைத்தான் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஹெட்செட்டுக்கு வேண்டிய பிடிமானமும் அந்தச் சுவரிலிருந்தே கிடைக்கிறது.